என் செஸ் இன்ஜினுக்கு எதிராளியின் நேரத்தில் யோசிக்கக் கற்றுக்கொடுத்தது

நான் சி++ மொழியில் எழுதிவரும் சிறிய செஸ் இன்ஜின் (செஸ் ஆடும் நிரல்), தன் நகர்வைச் சொன்னதும் சும்மா உட்கார்ந்துவிடும். எதிராளி அரை நிமிடம் யோசித்தால் அந்த அரை நிமிடமும் வீண். நல்ல இன்ஜின்கள் பல பத்தாண்டுகளாக அந்த நேரத்திலும் தேடிக்கொண்டேதான் இருக்கின்றன. இதற்குப் பாண்டரிங் என்று பெயர். 'பெர்மனன்ட் பிரெய்ன்' என்றும் சொல்வார்கள். என் இன்ஜினிலும் இதைச் சேர்த்தேன். சேர்ப்பதைவிட, சேர்த்ததால் பலம் எவ்வளவு கூடியது என்று ஒழுங்காக அளப்பதில்தான் வேலை அதிகம். சொந்தமாக இன்ஜின் எழுதுகிறவர்களுக்கு உதவும் என்பதால் இரண்டையும் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அடிப்படை. ஸ்டெஃபான் மேயர்-காலனும் ரூடால்ஃப் ஹூபரும் 2000-இல் வெளியிட்ட, இன்ஜினும் ஆட்டத்தை நடத்தும் மென்பொருளும் பேசிக்கொள்வதற்கான யூசிஐ நெறிமுறையில், பாண்டரிங்கைத் தொடங்குவதும் நிறுத்துவதும் இன்ஜினின் பொறுப்பு இல்லை. ஆட்டத்தை நடத்தும் மென்பொருள்தான் அதைச் செய்யும். இன்ஜின் தேடி முடித்ததும் 'பெஸ்ட்மூவ்' என்று தன் நகர்வைச் சொல்லும். கூடவே 'பாண்டர்' என்று எதிராளியின் பதிலைப் பற்றிய ஊகத்தையும் சொல்லும். வெள்ளையாக ஆடி, இ4 இ5-க்குப் பிறகு குதிரையை எஃப்3-க்கு நகர்த்தி, கறுப்பு தன் குதிரையை சி6-க்குக் கொண்டுவரும் என்று ஊகித்ததாக வைத்துக்கொள்வோம். ஆட்டத்தை நடத்தும் மென்பொருள் உடனே, சி6 ஆடியாகிவிட்டது போன்ற நிலையைக் கொடுத்து 'கோ பாண்டர்' என்று சொல்லும். கறுப்பு உண்மையிலேயே சி6 ஆடினால் 'பாண்டர்ஹிட்' வரும். ஓடிக்கொண்டிருக்கும் தேடல் அப்படியே நிஜத் தேடலாக மாறிவிடும். டி6 ஆடிவிட்டால் 'ஸ்டாப்' வரும். இன்ஜின் ஒப்புக்கு ஒரு பெஸ்ட்மூவ் சொல்லும், அது குப்பைக்குப் போகும், புதிய நிலையில் தேடல் முதலிலிருந்து தொடங்கும்.

எக்ஸ்போர்டு (XBoard) என்ற இன்னொரு நெறிமுறையில் இது வேறு மாதிரி. 'ஹார்ட்' என்றால் பாண்டரிங் உண்டு, 'ஈஸி' என்றால் இல்லை. மற்றதெல்லாம் இன்ஜின் பார்த்துக்கொள்ளும். எனக்கு அந்த முறைதான் பிடித்திருக்கிறது. ஊகம் கைவசம் இல்லையென்றால் கிராஃப்டி போன்ற இன்ஜின்கள், தம் நகர்வைச் சொன்ன பிறகு ஒரு குட்டித் தேடல் நடத்தி ஊகத்தைக் கண்டுபிடித்துக்கொள்ளும். அந்தச் செலவு எதிராளியின் கடிகாரத்தில் போய்விடும். யூசிஐ-இல் பெஸ்ட்மூவ் சொல்லும்போதே ஊகத்தையும் சொல்லியாக வேண்டும். முதன்மை வரிசையில் (இன்ஜின் சிறந்ததாகக் கருதும் நகர்வுத் தொடரில்) ஒரே ஒரு நகர்வுதான் இருக்கிறது என்றால், அந்த நகர்வைப் பலகையில் ஆடிப் பார்த்து, வரும் நிலைக்கு ஹேஷ் டேபிளில் (தேடிய நிலைகளின் முடிவுகளைச் சேமிக்கும் அட்டவணையில்) ஏதாவது நகர்வு பதிவாகியிருக்கிறதா என்று தேட வேண்டும். பிரபல இன்ஜினான ஸ்டாக்ஃபிஷும் இதைத்தான் செய்கிறது. ஹேஷ் டேபிளிலிருந்து எடுத்த நகர்வு அந்த நிலையில் சட்டப்படி ஆடக்கூடியதுதானா என்று கட்டாயம் சரிபார்க்க வேண்டும். வேறு நிலையின் பதிவு அதே இடத்தில் உட்கார்ந்திருக்கக்கூடும்.

த்ரெட் வேலை

தேடல் ஓடிக்கொண்டிருக்கும்போதே கட்டளை வரும் என்பதால், கட்டளை வாசிக்கும் த்ரெட்டும் தேடும் த்ரெட்டும் (ஒரே நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் இழைகள்) தனித்தனியாக இருக்க வேண்டும். அது இல்லாத இன்ஜினில் பாண்டரிங்கை யோசிக்கவே வேண்டாம்.

அடுத்து, நெறிமுறையின் கறாரான விதி ஒன்று: பாண்டர் நிலையில் இருக்கும்வரை இன்ஜின் பெஸ்ட்மூவ் சொல்லக் கூடாது. மேட் கண்டுபிடித்துவிட்டாலும் சரி, அதிகபட்ச ஆழத்தைத் தொட்டுவிட்டாலும் சரி, ஹிட்டோ ஸ்டாப்போ வரும்வரை வாய் திறக்கக் கூடாது. ஆகவே தேடல் முடிந்த த்ரெட், கண்டிஷன் வேரியபிள் (சைகை வரும்வரை த்ரெட்டைத் தூங்கவைக்கும் கருவி) ஒன்றில் காத்திருக்கும்படி எழுதினேன். பல இன்ஜின்கள் இடையில் தொங்கி, நேரம் தீர்ந்து தோற்பது இந்த இடத்தில்தான். தேடும் த்ரெட் 'இன்னும் பாண்டர் நிலைதான்' என்று அந்த நிலையைக் குறிக்கும் மாறியான கொடியைப் பார்த்து முடித்து, தூங்கப்போகும் அந்தக் கண நேரத்தில் பாண்டர்ஹிட் வந்தால், எழுப்பும் சைகை வீணாகிவிடும். த்ரெட் தூங்கிக்கொண்டே இருக்கும், கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். கொடியை மாற்றுவது, கொடியைப் பார்ப்பது, தூங்கப்போவது மூன்றும் ஒரே மியூடெக்ஸின் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் அனுமதிக்கும் பூட்டின்) காவலில் நடந்தால் இந்தத் தொல்லை இல்லை.

இதைச் சோதிக்க முழு ஆட்டங்களை ஓட்டத் தேவையில்லை. மூன்று வகை நிலைகள் போதும்: ஒரே நகர்வில் மேட் ஆகும் நிலை, ஒரே ஒரு சட்டப்படியான நகர்வு மட்டும் உள்ள நிலை, தேடல் முடிவில்லாமல் நீளும் சாதாரண நடு ஆட்ட நிலை. ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் இவற்றை மாற்றி மாற்றிக் கொடுத்து, கோ பாண்டர் அனுப்பிய சில மில்லிவிநாடிகளுக்குள் ஏதோ ஒரு தருணத்தில் ஹிட்டோ ஸ்டாப்போ அனுப்பும். ஒவ்வொன்றுக்கும் சரியாக ஒரு பெஸ்ட்மூவ் வர வேண்டும். முன்னாலேயும் வரக் கூடாது, இரண்டும் வரக் கூடாது. ஒரே நகர்வுள்ள நிலை மிக முக்கியம். யோசிக்க எதுவும் இல்லை என்று உடனே பதில் சொல்லும் குறுக்குவழி ஏறக்குறைய எல்லா இன்ஜின்களிலும் உண்டு. பாண்டர் நிலையில் அந்தக் குறுக்குவழி விதியை மீறிவிடும். கோ பாண்டர் வந்த மறுகணமே ஸ்டாப் வருவதும் நல்ல சோதனை. முதல் ஆழம்கூட முடியாத நிலையிலும் ஏதாவது ஒரு சரியான நகர்வைச் சொல்லியாக வேண்டும்.

கடிகாரத்தை யார் பெயரில் எழுதுவது

பாண்டரிங்கின் பலன் பெருமளவு இந்தப் பகுதியில் தீர்மானமாகிறது. ஹிட் வந்த பிறகு என்ன செய்வது? இரண்டு வழிகள் உண்டு. இலவசமாகக் கிடைத்த நேரத்தை அப்படியே மேலதிகமாக வைத்துக்கொண்டு, தன் பங்கு நேரத்தையும் முழுதாகச் செலவிடலாம். அல்லது, இலவச நேரத்தையும் செலவான நேரமாகக் கணக்கில் எழுதி, ஒதுக்கீடு ஏற்கெனவே தீர்ந்திருந்தால் உடனே ஆடிவிட்டு, மிச்சத்தைப் பின்வரும் நகர்வுகளுக்குச் சேமிக்கலாம்.

இரண்டாவது வழிதான் சிறந்தது என்பதைக் காகிதத்திலேயே காட்டலாம். இரு பக்கமும் நகர்வுக்கு 4 விநாடி வீதம் செலவிடுகின்றன, ஊகம் 60 சதவீதம் பலிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் வழியில், பலித்த நகர்வுகளுக்கு 8 விநாடியும் பலிக்காதவற்றுக்கு 4 விநாடியும் கிடைக்கும். நேரம் இரட்டிப்பாவதை ஓர் அலகாக எடுத்தால், சராசரி ஆதாயம் 0.6 இரட்டிப்பு. இரண்டாவது வழியில் ஒவ்வொரு நகர்வுக்கும் 6.4 விநாடி ஒதுக்கலாம். பலித்தால் கைக்காசு 2.4 விநாடி, பலிக்காவிட்டால் 6.4 விநாடி, சராசரி மறுபடியும் அதே 4 விநாடிதான். ஆனால் எல்லா நகர்வுகளுக்கும் நேரம் 1.6 மடங்கு ஆகிறது, அது 0.68 இரட்டிப்பு. தேடல் நேரத்தின் பலன் போகப் போகக் குறைவதால், ஒரு நகர்வில் கொட்டுவதைவிட எல்லாவற்றிலும் பரப்புவது மேல்.

ஸ்டாக்ஃபிஷ், பாண்டர் விருப்பம் இயக்கத்தில் இருந்தால் தன் உகந்த நேரத்தோடு அதில் கால் பங்கைக் கூட்டிக்கொள்கிறது. மேலே சொன்ன 1.6 மடங்கோடு ஒப்பிட்டால் இந்த 1.25 மடங்கு எச்சரிக்கையானது. ஆனாலும் மிச்சமாகும் நேரம் எங்கும் போய்விடுவதில்லை. ஒதுக்கீடு எப்போதும் கையில் உள்ள நேரத்தை வைத்தே கணக்கிடப்படுவதால், பிந்தைய நகர்வுகளில் அது தானாகவே திரும்பி வரும். அந்தக் கால் பங்கைத்தான் நானும் வைத்துக்கொண்டேன்.

என் இன்ஜினில் ஒரு விஷயத்தை மட்டும் வேறு மாதிரி வைத்தேன். 'போதும்' என்று நிறுத்தும் மென்மையான வரம்பைப் பாண்டர் தொடங்கிய நொடியிலிருந்து எண்ணுகிறேன். 'இதைத் தாண்டினால் நேரம் தீர்ந்து தோல்வி' என்ற கடுமையான வரம்பைப் பாண்டர்ஹிட் வந்த நொடியிலிருந்து எண்ணுகிறேன். நம் கடிகாரம் உண்மையில் ஓடத் தொடங்குவது அப்போதுதான். மதிப்பீடு திடீரென்று சரிந்து, இன்ஜின் கூடுதல் நேரம் கேட்கும் சமயத்தில் இந்தப் பிரிப்பு கைகொடுக்கிறது: எதிராளி வெகுநேரம் யோசித்த காரணத்துக்காக நம் அவசரகால இருப்பு கரைந்துபோகாது.

அளப்பது

ஆட்டங்களை, இன்ஜின்களை மோதவிடும் கியூட்செஸ்-சிஎல்ஐ என்ற நிரல் கொண்டு ஓட்டினேன். இன்ஜினின் விவரத்தில் 'பாண்டர்' என்ற ஒற்றைச் சொல்லைச் சேர்த்தால் போதும், மற்றதை அது பார்த்துக்கொள்ளும். சேர்க்காவிட்டால் பாண்டரிங் கிடையாது. சமநிலையான தொடக்க நிலைகள், ஒவ்வொன்றையும் நிறம் மாற்றி இருமுறை. இதெல்லாம் வழக்கமானவை.

வழக்கமில்லாதது கோர் (செயலிக்குள் தனித்து இயங்கும் பகுதி) கணக்கு. பாண்டரிங் இல்லாத சோதனையில் ஓர் ஆட்டத்துக்கு ஒரு கோர் போதும், ஏனென்றால் ஒருவர் யோசிக்கும்போது மற்றவர் சும்மா இருப்பார். பாண்டரிங் வந்தால் இருவரும் ஒரே நேரத்தில் ஓடுவார்கள். கோர் குறைந்தால் பாண்டர் செய்பவர் எதிராளியின் நேரத்தையே திருடுவார். நான் சோதிக்கும் ராஸ்பெர்ரி பை 4 என்ற சிறு கணினியில் நான்கு கார்ட்டெக்ஸ்-ஏ72 கோர்கள், ஹைப்பர்த்ரெடிங் இல்லை. அதனால் கணக்கு சுத்தம். டாஸ்க்செட் கொண்டு ஒவ்வோர் இன்ஜினையும் ஒரு கோரில் கட்டிவைத்து, ஒரு நேரத்தில் ஓர் ஆட்டம் மட்டும் ஓட்டினேன். மெதுவாகத்தான் போகும், ஆனால் நம்பலாம். 80 டிகிரி செல்சியஸைத் தொட்டால் பை தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் என்பதால் மின்விசிறி அவசியம்.

கோர் தனித்தனி ஆனாலும் 1 எம்பி எல்2 கேஷ் நான்குக்கும் பொது. இதில் ஒரு பாரபட்சம் ஒளிந்திருக்கிறது. பாண்டர் உள்ள 'அ', பாண்டர் இல்லாத 'ஆ' என இரண்டை மோதவிட்டால், 'அ' யோசிக்கும்போது பக்கத்துக் கோர் அமைதியாக இருக்கும். 'ஆ' யோசிக்கும்போது பக்கத்தில் 'அ' முழு வேகத்தில் ஓடும்; கேஷும் நினைவகப் பாதையும் பங்குபோகும். 'ஆ'வின் நோடு வேகம் (விநாடிக்கு ஆராயும் நிலைகளின் எண்ணிக்கை) குறையும். 'அ' ஜெயிக்கும் ஆட்டங்களில் ஒரு பகுதி, யோசித்ததால் கிடைத்ததல்லாமல் பக்கத்து வீட்டைத் தொந்தரவு செய்ததால் கிடைத்ததாக இருக்கும்.

இதைச் சரிக்கட்ட, பயனற்ற பாண்டர் செய்யும் ஓர் இன்ஜினைத் தயாரித்தேன். கோ பாண்டர் வந்தால் அதுவும் தேடும், ஆனால் தனி ஹேஷ் டேபிளில், தனி ஹிஸ்டரி அட்டவணைகளில். ஹிட் வந்தாலும் அத்தனையையும் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாகத் தொடங்கும், நேரத்தையும் அப்போதிலிருந்தே எண்ணும். வன்பொருளின் மீது விழும் சுமை இரு பக்கமும் ஒன்று. வித்தியாசம் பாண்டரின் அறிவு மட்டும். பாண்டர் பற்றிப் பேசும் எந்த அளவீட்டுக்கும் இப்படி ஓர் எதிர்ச்சோதனை வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. லேப்டாப்பில் சோதிப்பவர்களுக்கு இன்னும் அவசியம். இரண்டாவது கோர் விழித்ததுமே டர்போ வேகம் இறங்கும் செயலிகள் நிறைய.

எத்தனை ஆட்டம் வேண்டும்? பாதி ஆட்டங்கள் டிரா ஆகின்றன என்று கொண்டால், 1000 ஆட்டத்தில் 95 சதவீத நம்பிக்கை எல்லை சுமார் ±15 எலோ (ஆட்டப் பலத்தை அளக்கும் புள்ளி). 400 ஆட்டத்தில் ±24. எதிர்பார்க்கும் ஆதாயமே 20, 30 என்ற அளவில் இருக்கும்போது சில நூறு ஆட்டங்களை வைத்து எதுவும் சொல்ல முடியாது. நான் எஸ்பிஆர்டி (முடிவு தெளிவாகும்வரை ஆட்டங்களை ஓட்டும் புள்ளியியல் சோதனை) வைத்தேன்: 0 எலோவா 20 எலோவா என்ற கேள்வி, இரு பக்கப் பிழையும் 5 சதவீதம். அதாவது இரு விடைகளின் சாத்திய விகிதத்தின் மடக்கை +2.94 அல்லது -2.94-ஐத் தொடும்வரை ஓட வேண்டும். அது மேல் எல்லையைத் தொட்டது. பலன் உண்டு என்பது இதிலிருந்து தெரிகிறது. எவ்வளவு என்பதை எஸ்பிஆர்டி சொல்லாது. அதற்காக லாக் கோப்புகளைத் திறந்தேன்.

எண்ண வேண்டியது விநாடியை

பாண்டர் பற்றிப் பேசும்போது எல்லோரும் கேட்பது ஹிட் விகிதத்தைத்தான்: எத்தனை சதவீதம் ஊகம் பலித்தது? என் ஆட்டங்களிலும் அது பாதிக்கு மேலேயே இருந்தது. பிறகு அதே லாகிலிருந்து வேறொன்றைக் கணக்கிட்டேன்: எதிராளி யோசித்த மொத்த விநாடிகளில், பலித்த ஊகத்தின் மேல் செலவான விநாடிகள் எத்தனை பங்கு? இது ஹிட் விகிதத்தைவிடத் தெளிவாகக் குறைவாக இருந்தது.

காரணம் ஆட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. ஊகிக்க எளிதான பதில்கள் எவை? வெட்டியதற்குத் திரும்ப வெட்டுவது, செக்கிலிருந்து விலகுவது, வேறு வழியில்லாத நகர்வுகள். இவற்றை எதிராளியும் சட்டென்று ஆடிவிடுவார். இன்றைய நேர நிர்வாகத்தில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். ஆழம் கூடக் கூடச் சிறந்த நகர்வு மாறாமல் நின்றால் ஒதுக்கீடு சுருங்கும். மாறிக்கொண்டே இருந்தால் நீளும். ஆக எதிராளி இன்ஜின் நீண்ட நேரம் யோசிக்கிறது என்றாலே அதன் மனம் மாறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அப்போதுதான் நம் ஊகம் தவறும் வாய்ப்பும் அதிகம். நேரம் நிறையக் கிடைக்கும் இடத்தில் ஊகம் பலிப்பதில்லை. பலிக்கும் இடத்தில் நேரம் கிடைப்பதில்லை.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு. பத்து நகர்வுகளில் ஆறு பலிக்கிறது. எதிராளி மொத்தம் 40 விநாடி யோசிக்கிறார். எல்லாவற்றுக்கும் 4 விநாடி என்றால் நமக்கு 24 விநாடி இலவசம். பலித்த ஆறும் 2 விநாடி வீதம், பலிக்காத நான்கும் 7 விநாடி வீதம் என்றால் மொத்தம் அதே 40. நமக்குக் கிடைப்பதோ 12 விநாடி. ஹிட் விகிதம் 60 சதவீதம்தான், நேரத்தில் 30 சதவீதம். நேரம் இரட்டிப்பானால் வேக ஆட்டங்களில் 50 முதல் 70 எலோ என்று கணக்குப் போடுவது வழக்கம். நீண்ட ஆட்டங்களில் இது குறையும். அந்த அளவுகோலில் முதல் கணக்கு 34 முதல் 48 எலோ வரை தரும். இரண்டாவது 19 முதல் 27 வரைதான். ஹிட் விகிதத்தை மட்டும் பார்த்தால் ஆதாயத்தைக் கிட்டத்தட்ட இரண்டு மடங்காக மதிப்பிட்டுவிடுவோம்.

எதிராளி யார் என்பதும் பெரிய விஷயம். ஒரே இன்ஜின் இரு பக்கமும் ஆடினால், தன் மனத்தைத் தானே ஊகிக்கிறது. ஹிட் விகிதம் இயல்பைவிட உயரும். வேறு மதிப்பீட்டு முறை கொண்ட இன்ஜினோடு மோதவிட்டபோது அது இறங்கியது. மனிதர்களோடு ஆடும்போது நிலைமை கலவையானது. ஊகம் இன்னும் தவறும். ஆனால் மனிதர் சுலபமான நகர்வுக்கும் சில விநாடி எடுப்பார், அதனால் பலித்த ஊகத்துக்குக் கிடைக்கும் நேரம் அதிகம். ஆகவே பாண்டரிங்குக்கு இத்தனை எலோ என்று ஒரே எண்ணைச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. எதிராளி, நேரக் கட்டுப்பாடு, கடிகாரத்தை நிர்வகிக்கும் முறை மூன்றையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு.

தரவரிசைப் பட்டியல்களைப் பார்க்கும்போதும் இதை நினைவில் வைக்க வேண்டும். சிசிஆர்எல் பாண்டர் இல்லாமல் சோதிக்கிறது. ஸ்வீடனின் எஸ்எஸ்டிஎஃப் இரண்டு கணினிகளை எதிரெதிரே வைத்து, 40 நகர்வுக்கு 2 மணி நேரம் என்ற கட்டுப்பாட்டில், பாண்டரோடு ஆடவிடும் மரபைக் கொண்டது. இரு பக்கமும் பாண்டர் செய்தால் ஆதாயம் பெரும்பாலும் கழிந்துபோகும் என்பதால், ஒரே வன்பொருளில் இருமடங்கு ஆட்டங்களை ஓட்ட விரும்புகிறவர்கள் அதை அணைத்துவைப்பது நியாயமான முடிவு.

ஒரே ஊகத்தில் எல்லாவற்றையும் கட்டுவதற்குப் பதிலாக, முதல் மூன்று பதில்களுக்கும் நேரத்தைப் பிரித்துக் கொடுக்கலாமே என்ற யோசனை எல்லோருக்கும் வரும். 60, 15, 10 சதவீதம் என்ற வாய்ப்புகளை எடுத்துக்கொள்வோம். எதிராளியின் 4 விநாடியை மூன்றாகப் பிரித்தால், 85 சதவீதம் முறை 1.33 விநாடி பயன்படும், சராசரி 1.13 விநாடி. ஒரே ஊகத்தில் கட்டினால் 2.4 விநாடி. கிராஃப்டியை எழுதிய ராபர்ட் ஹையட் நெடுங்காலமாக இதே திசையில்தான் வாதிட்டுவந்தார். விநாடிக் கணக்கில் பிரிப்பது ஒருபோதும் ஜெயிக்காது, ஏனென்றால் முதல் ஊகத்தின் வாய்ப்பு மூன்றின் சராசரியைவிடக் குறைவாக இருக்கவே முடியாது. இரட்டிப்புக் கணக்கில் மட்டும் ஒரு சிறு இடைவெளி இருக்கிறது. 4-க்கு 5.33 விநாடி என்பது 0.415 இரட்டிப்பு, மூன்று வாய்ப்புகளின் கூட்டுத்தொகை முதல் வாய்ப்பைப்போல 2.41 மடங்கைத் தாண்டினால் பிரிப்பது மேல். 25, 22, 20 என்பதுபோல மூன்றும் நெருங்கி நிற்கும் நிலைகளில் அது நடக்கும். எதிராளி நெடுநேரம் யோசிப்பதும் அத்தகைய நிலைகளில்தான் என்பதால் இதை ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. ஆனால் ஒரு பாண்டர் தேடலுக்கு ஒரே நிலை என்பதுதான் யூசிஐ-இன் அமைப்பு. இதைச் செய்ய எக்ஸ்போர்டு நெறிமுறைக்கு மாற வேண்டும்.

ஊகம் தவறியபோது செய்த வேலையும் முழுக்க வீணாவதில்லை. நகர்வு வரிசை மாறி அதே நிலைகளுக்கு வந்துசேரும்போது ஹேஷ் டேபிள் பதிவுகள் உதவும். டேபிள் 16 எம்பி போலச் சிறியதாக இருந்தால் இதுவே எதிர்மறையாகும்: தவறான கிளையின் பதிவுகள், முந்தைய நிஜத் தேடலின் நல்ல பதிவுகளைத் தள்ளிவிடும். என் இன்ஜினில் ஒவ்வொரு கோ கட்டளைக்கும் பதிவுகளின் தலைமுறை எண் (பதிவு எந்தத் தேடலில் வந்தது என்ற குறி) ஒன்று கூடுகிறது, பாண்டருக்கும் அப்படியே. இப்போது ஓடிக்கொண்டிருக்கும் சோதனையில், பாண்டர் தேடலுக்குத் தலைமுறையைக் கூட்டாமல், ஹிட் வந்தால் மட்டும் கூட்டும்படி மாற்றியிருக்கிறேன். எதிராளியாக நிற்பது அந்த மாற்றம் மட்டும் இல்லாத அதே இன்ஜின், இரண்டிலும் நிஜமான பாண்டர், இரண்டிலும் 16 எம்பி ஹேஷ். லாகில் இந்த முறை எலோவோடு சேர்த்து, ஸ்டாப்புக்குப் பின் தொடங்கும் தேடல் முதல் விநாடியில் எந்த ஆழத்தைத் தொடுகிறது என்பதையும் பதிவு செய்கிறேன்.